வாசலில் ஒரு செருமல்

கோஸ்த் நகருக்குப் போகும் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் எங்கள் மண்சுவரில் சிவப்புக் கோடு போட்டபோது, நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பன்னிரண்டு அடி போகுமாம். அந்தப் பன்னிரண்டு அடியில்தான் தந்தூர் அறை இருக்கிறது. என் மனைவி இருபத்தாறு வருஷம் ரொட்டி சுட்ட அறை. சுவரை வருஷாவருஷம் அவளே மண் குழைத்துப் பூசுவாள், விரல் தடம் இன்னும் இருக்கிறது. அவள் போய் ஐம்பது நாள் ஆகிறது. மகள்கள் இருவரையும் முன்பே கட்டிக்கொடுத்தாகிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. ரொட்டி இறங்குகிறது, தூக்கம் வருகிறது. மரத்துப்போன காலைக் கிள்ளுவதுபோல் அவ்வப்போது அவளை நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் தெரிவதில்லை.

எங்கள் ஊரில் மின்கம்பம் நட்டு ஆறு வருஷம், கம்பி வரவில்லை. ஆற்றில் பாலத்துக்கென்று இரண்டு தூண் நிற்கிறது, காக்கை உட்கார. இந்தக் கோடு மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது.

அளவுக்காரன் பர்யால் சின்ன வயசு, மரியாதை தெரிந்தவன். "சாச்சா, உங்க முற்றத்துல குடிநீர்க் கிணறு இருக்குன்னு எதிர்க்கடைக்காரர் சொன்னாரு. கிணறு இருந்தா கோட்டைத் தள்ளிப் போட விதி இருக்கு. ஆனா நான் உள்ள வந்து அளந்து எழுதணும். இன்னைக்கே கடைசி."

"உள்ள வரமுடியாது தம்பி. பொம்பளைங்க இருக்காங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் சட்டென்று வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றான். அதற்குமேல் எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். எல்லா வீட்டையும் வெளியிலிருந்தே அளப்பதால் ஊர்ப் படத்தில் வீடெல்லாம் வெறும் கட்டம்தான்.

எதிரே டயர்க் கடையில் குல்தார் சிரித்தான். "எந்தப் பொம்பளைங்கடா? உன் ரெண்டு கோழியா?" சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளை அடக்கம் செய்யக் கொண்டுபோன கட்டிலின் முன்காலைத் தோளில் சுமந்தவன் அவன்தான்.

பர்யால் டேப்பைச் சுருட்டத் தொடங்கினான். உள்ளே யாரும் இல்லை என்று சொன்னால் அறை நிற்கும். மூன்றே வார்த்தை. இந்த ஐம்பது நாளில் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

"கொஞ்சம் இரு," என்றேன்.

கதவருகில் போய்ச் செருமினேன். அந்நியரோடு வரும்போதெல்லாம் அப்படித்தான் செய்வேன். அவள் கையிலிருப்பதைக் கீழே வைத்து, முக்காட்டை இழுத்துக்கொண்டு தந்தூர் அறைக்குள் ஒதுங்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். பர்யாலும் காத்திருந்தான். உள்ளே கோழி கொக்கரித்தது. இரண்டாம் முறை செருமவேண்டியிருந்தது.

"வா தம்பி," என்றேன். "உள்ள யாரும் இல்ல."

அவன் நிலைப்படியைத் தாண்டினான். கிணற்றடிவரை கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவேயில்லை.