பச்சைப் புள்ளி இல்லாத மூடி

காலிப் புட்டிகளைக் கழுவப் போட்டுக்கொண்டிருந்தவளின் கை சட்டென்று நின்றது. ஒரு மூடியில் பச்சைப் புள்ளி இருந்தது. இன்னொன்றில் இல்லை.

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு செல்களை வளர்க்கிற வேலை. தோலிலிருந்து எடுத்த செல்கள். தட்டில் கிடந்தபடியே வேளாவேளைக்குத் தீனி கேட்கும். பதினோரு வருஷமாக அவள் கைத் தீனியைத் தின்று வளராத செல் அங்கே கிடையாது. அதனால் அவளுக்கு ‘சமையல்காரம்மா’ என்றே பெயர். தீனிப் புட்டியில் வைட்டமின் சி கலந்ததும் மூடியில் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது அவள் பழக்கம். அதைக் கலக்காவிட்டால் செல்கள் கொலாஜனை ஒழுங்காக உண்டாக்காது. நம் தோலை இழுத்துக் கட்டி வைத்திருக்கிற புரதம் அது.

தீப்புண் ஆறிய இடத்தில் அந்தக் கொலாஜன் அளவுக்கு மீறிச் சேர்ந்துதான் தழும்பு தடிக்கிறது. புரதங்களை உண்டாக்கும்போது செல் அவற்றின்மேல் சர்க்கரைத் துணுக்குகளை ஒட்டும். அதில் குறிப்பிட்ட ஓர் ஒட்டலைத் தடுத்தால் கொலாஜன் குறையும் என்று பேராசிரியர் நம்பினார். அப்படித் தடுக்கிற ஒரு களிம்பையும் தயாரித்துவிட்டார். எவ்வளவு பூசுவது என்று முடிவு செய்யத்தான் இந்தக் கடைசிச் சோதனை. ஒரு தட்டுக்கு மருந்து கலந்த தீனி, இன்னொன்றுக்கு மருந்தில்லாத தீனி. முடிவு வந்தபோது இரண்டிலும் கொலாஜன் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்தது. பேராசிரியரின் முகம் தொங்கிப்போயிற்று. மருந்து போதவில்லை என்று களிம்பின் அளவை இரண்டு மடங்காக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது அவள் கையில் இருந்த புள்ளியில்லாத மூடி, மருந்தில்லாத தீனிப் புட்டியுடையது. அந்தத் தட்டில் கொலாஜன் குறைந்ததற்குக் காரணம் வைட்டமின் இல்லாததுதான். அப்படியென்றால், வைட்டமின் இருந்தும் கொலாஜன் குறைந்த மற்றத் தட்டில் மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அதைப் போய் இரண்டு மடங்காகப் பூசினால் தழும்போடு நிற்குமா? நல்ல தோலும் பலமிழந்து கிழியும். திங்கட்கிழமை களிம்பை முதன்முதலாக ஆட்களுக்குப் பூசிப் பார்க்கப்போகிறார்கள். முதல் ஆளாகக் கையை நீட்டப்போவது வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். கொதிக்கிற எண்ணெய் கொட்டி, எட்டு வருஷமாக வலது கை விரல்களை மடக்க முடியாதவள்.

உடனே போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் அங்கே தேநீர் குடிக்கும் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. ‘இந்த வார மேதை’ என்று அதன் தலையில் எழுதியிருக்கும். யார் தவறு செய்தாலும் பேர் அதில் ஏறும். வாரம் முழுக்க ஆளாளுக்குக் கேலி. பேராசிரியர் தமாஷுக்கென்று ஆரம்பித்தது. நல்ல தமாஷ் போங்கள்! போன வருஷம் தன் பேர் ஏறியபோது அவள் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு பலகை மாதக்கணக்கில் காலி. எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று பேராசிரியருக்கு ஏகப் பெருமை.

மூடியில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது; அதற்கு எத்தனை நேரம் ஆகும்? பச்சைப் பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. அவள் அதைத் தொட்டும் பார்த்தாள். அடுத்த நிமிஷம் தன்மேலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வர, மூடியோடு நேரே தேநீர் அறைக்கு நடந்தாள்.

எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் பலகையில் ‘சமையல்காரம்மா’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

“மருந்தில்லாத புட்டியில வைட்டமின் கலக்க மறந்துட்டேன் சார். உங்க மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது, அளவைக் கூட்டிடாதீங்க. எவ்வளவு வேணும்னாலும் சிரிச்சுக்குங்க. ஆனா அந்தச் சோதனையை மறுபடி பண்ணிப் பார்த்துடுங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. நுண்ணோக்கி பார்க்கிறவர் தொண்டையைக் கனைத்தார். செல்களை வைக்கும் வெப்பப் பெட்டி போன மாதம் இரண்டு நாள் சூடு குறைந்து கிடந்ததாகவும், பலகைக்குப் பயந்து தான் வாயே திறக்கவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். பேராசிரியருக்கு முகம் வெளிறிவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காலிப் பலகையைக் காட்டிப் பீற்றிக்கொண்டவர் அல்லவா? எழுந்து போய், அவள் பேரோடு மேலே இருந்த தலைப்பையும் சேர்த்துத் தன் கையாலேயே துடைத்தார். திங்கட்கிழமை வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லி அங்கேயே தொலைபேசியை எடுத்தார்.

செல்களை மறுபடி வளர்த்தார்கள். இந்தத் தடவை இரண்டு மூடியிலும் பச்சைப் புள்ளி. மருந்து போட்ட தட்டில் கொலாஜன் பாதிதான் இருந்தது. பழைய அளவே போதும் என்று முடிவாயிற்று.

களிம்பு பூசுகிற அன்று அவளும் நாத்தனாரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் நாத்தனாரிடம் முன்பே சொல்லியிருந்தாள். நாத்தனார் தன் தடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “இவ்வளவு பெரிய தப்பை நீங்களா போய்ச் சொன்னீங்களே அண்ணி, யாரும் உங்களை ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டாள்.

“பலகையையே கழட்டிட்டாங்க,” என்றாள் அவள். “தப்பு பண்ணினவங்களைப் பார்த்துச் சிரிச்சா தப்பு குறையாதும்மா. அதைச் சொல்ல வர்றவங்க வாய்தான் அடைச்சுப்போகும். அப்படி அடைச்சுப்போன வாயால யாராவது ஒருத்தர் கை போகும். இந்தத் தடவை அது உன் கையா இருந்திருக்கும்.”