கதவைத் திறந்து வைத்தவன்

செப்டம்பர் முப்பது, பகல் இரண்டு மணி. மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலைப் பகுதியில் அந்த மாதம் போதைமருந்துக்கு ஒருவரும் சாகவில்லை. ஒன்பது வருடங்களில் அப்படி ஒரு மாதம் வந்ததில்லை.

"இன்னும் பத்தே மணி நேரம்," என்றான் ராண்டல். போதைக்கு அடிமையானவர்களுக்கு உதவும் குழுவின் வேன் அது. ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாயை மூடு. கண்ணு வெச்சுடாத," என்றாள் ட்வைலா.

அவள் கைபேசி அடித்தது.

ஒரு வருடமாக அந்த எண்ணை அட்டையில் அச்சடித்துக் கொடுத்து வந்தாள். போதைமருந்தைத் தனியாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். போடும் முன் கூப்பிடுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். பேச்சு நின்றால் வந்துவிடுவோம். நானூறு அட்டைகள். ஒருவர்கூடக் கூப்பிட்டதில்லை.

"ட்வைலா, வெர்லின் பேசறேன்."

பள்ளியில் அவளோடு படித்தவன். சுரங்கத்தில் கூரைப் பாறை விழுந்து முதுகு போனது. வலிக்கு டாக்டர் மாத்திரை எழுதினார். பிறகு எழுதுவதை நிறுத்தினார். வெர்லினால் நிறுத்த முடியவில்லை. மாத்திரை போய்ப் போதைப் பொடி வந்தது.

"எங்க இருக்க?"

"வீட்டுலதான். கதவைத் திறந்து வெச்சிருக்கேன்." குரலில் கூச்சம். "வேண்டாம்னு சொல்லப்போறியா?"

"சொன்னா கேப்பியா?"

"மாட்டேன்."

"அப்போ பேசிக்கிட்டே இரு. இந்த வருஷம் தக்காளி எப்படி?"

வேனைக் கிளப்பும்படி ராண்டலுக்குக் கை காட்டினாள்.

"பாதிய மான் தின்னுடுச்சு. மீதி..." சற்று நேரம் ஒன்றுமில்லை. "மீதி நல்லா..."

அதன்பின் குறட்டை மாதிரி ஒரு சத்தம். அதுவும் தேய்ந்தது.

"ஓட்டுடா!"

ஓடைப் பாலத்தில் வேன் எகிறியது. ராண்டல் கூப்பிட்டதற்கு, ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். இவர்கள் நான்கே நிமிடத்தில் போய் நின்றார்கள்.

சொன்னபடி கதவு விரியத் திறந்திருந்தது. வாசற்படியில், கட்டாமல், கன்றுக்குட்டி அளவு நாய். பல் தெரிந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் கதவைப் பூட்டும் வழக்கம் குறைவு. நாயை அவிழ்த்துவிட்டால் போதும், அதுதான் பூட்டு.

"கதவைத் திறந்த மடையன் பூட்டைத் திறக்கலையே!" என்று கத்தினான் ராண்டல்.

ட்வைலா அவன் மடியிலிருந்த இறைச்சி ரொட்டியைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"என் சாப்பாடு!"

"காலு வேணுமா, சாப்பாடு வேணுமா?"

நாய் ரொட்டியின் பின்னால் பாய்ந்தது. அவள் உள்ளே பாய்ந்தாள்.

சமையலறைத் தரையில் கிடந்தான். உதடு நீலம். மூச்சு இல்லை. போதையை முறிக்கும் மருந்தை மூக்கில் அடித்தாள். தலையைச் சாய்த்து, வாயின் மேல் மூச்சு ஊதும் முகமூடி வைத்து ஊதினாள். ஐந்து நொடிக்கு ஒரு முறை. நெஞ்சு அவள் ஊதியபோது மட்டும் எழுந்தது.

"இன்னொண்ணு அடிக்கவா?" ராண்டல் கையில் மருந்தோடு குனிந்தான்.

"ரெண்டு நிமிஷம் ஆகட்டும். நேரத்தைப் பாரு."

ஊதினாள். ஊதினாள். அடுத்த முறை குனிவதற்குள் நெஞ்சு தானாக எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

"விடறான்! மூச்சு விடறான்!" ராண்டல் குதித்ததில் அலமாரித் தட்டுகள் அதிர்ந்தன. உடனே கைபேசியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே ஓடினான்.

வெர்லின் கண் விழித்தபோது உடம்பெல்லாம் வியர்வை, நடுக்கம். முதல் வார்த்தை வசவு. இரண்டாவதும்.

"போங்க எல்லாரும்."

"நான் அடிச்ச மருந்து ஒன்றரை மணி நேரத்துல எறங்கிடும். உள்ள இருக்கிற போதை மறுபடி மூச்சை அமுக்கும். ஆம்புலன்ஸ் வருது, ஆஸ்பத்திரிக்கு வா."

"வரமாட்டேன். திருப்பி அனுப்பிடு."

வெளியே ராண்டல் அலுவலகத்துக்குக் கத்திக்கொண்டிருந்தான். "பூஜ்யம்தான்! இன்னும் பூஜ்யம்தான்!"

"என்ன பூஜ்யம்?" என்றான் வெர்லின்.

சொன்னாள்.

"நான் செத்திருந்தா உங்க கணக்கு கெட்டிருக்கும்."

"ஆமா."

"அதுக்குத்தான் ஓடி வந்தியா?"

ட்வைலாவுக்குச் சிரிப்பு வந்தது.

"நானூறு பேருக்கு அட்டை குடுத்தேன். நீ ஒருத்தன்தான் கூப்பிட்ட. நாளைக்கு ஒண்ணாந்தேதி. நாளைக்குக் கூப்பிட்டாலும் இப்படித்தான்டா ஓடி வருவேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வராட்டி, என்னை எவ்வளவு நேரம் கவனிக்கணும்?"

"ரெண்டு மணி நேரமாவது."

எழுந்து உட்கார்ந்து குளிர்பெட்டியில் முதுகைச் சாய்த்தான். காலை மடக்கிக்கொண்டான். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தரை காலியானது.

"உக்காரு," என்றான்.