மிஸ் ரோஸியின் குரல்

ஜம்புநாதன் வாசல் கேட்டில் ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிறு கிடைக்காமல் மாடியில் துணி காயப்போடும் கொடியை அறுத்து எடுத்து வந்திருந்தார். எழுபத்தைந்து வயதில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, நேராக இருக்கிறதா என்று தெருவில் போகிறவர்களை வேறு கேட்டுக்கொண்டிருந்தார். 'இசைக்குயில் மிஸ் ரோஸி என்கிற காஞ்சனா' என்று தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்திருந்தது. கீழே, செத்துப்போன அக்காவின் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக அவருடைய படம்.

தங்கை கிரிஜா ஹாலில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குயிலாம்! நாற்பது வருஷமாக, அக்கா கல்கத்தாவில் டெலிபோன் ஆபரேட்டர் என்று கூசாமல் சொல்லித் திரிந்த மனுஷன். தன் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயரைப் போடாத மனுஷன். நேற்றுச் சாயங்காலம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் போன் செய்து, செகந்தராபாத்தின் ப்ளூஸ் பாடகி இறந்துவிட்டாராமே என்று விசாரித்த நிமிஷத்திலிருந்து அவருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

செகந்தராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த பெருமாளின் மூத்த மகள் காஞ்சனா. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் சனிக்கிழமை டான்ஸில் பத்தொன்பது வயதில் மைக்கைப் பிடித்தாள். அப்புறம் இருபது வருஷம் இங்கே, கல்கத்தா, பம்பாய் என்று ஓட்டல் ஓட்டலாக ஜாஸும் ப்ளூஸும் பாடினாள். "எங்க வேணா போய்ப் பாடு. வீட்டுக்குள்ள அந்தச் சத்தம் வரக்கூடாது" என்றார் பெருமாள். அவள் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும், மாரெட்பள்ளியில் கிரிஜாவோடு இந்த வீட்டில் இருந்த இருபத்திரண்டு வருஷத்திலும், குளிக்கும்போதுகூட ஒரு வரி முணுமுணுத்ததில்லை.

ஜம்புநாதனின் மகன் சந்தீப் காலையிலேயே ஒரு சின்ன ஸ்பீக்கரோடு வந்துவிட்டான். "அத்தை, பெரியத்தை பாட்டு யூட்யூப்ல இருக்கு! மிஸ் ரோஸின்னு போட்டேன், வெண்டனே வந்துடுச்சு" என்றான். அதிலிருந்து அந்த ஒரே இங்கிலீஷ் பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. கனத்த குரல், மெதுவான பாட்டு.

"என்ன கொரல் பாரு! அப்படியே அக்கா பேசற மாதிரியே இருக்கு" என்று மூக்கை உறிஞ்சினாள் ஜம்புநாதனின் மனைவி பத்மஜா. தன் வீட்டில் அக்கா காபி குடித்த டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்த மகராசி. வந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். கிரிஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு இந்தக் குரலைக் கேட்க என்ன யோக்யதை இருக்கிறது? அக்காவுக்குச் சோறு ஊட்டியவள் இவள், படுக்கையில் போனதை எடுத்தவள் இவள். கேட்டுக் கேட்டு விடியற்காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். என் அக்கா குரல் என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

பத்து மணிக்கு ஃபெலிக்ஸ் வந்தார். எண்பது வயது. அந்த வெயிலிலும் கோட்டும் டையும். ஓட்டல்களில் காஞ்சனாவுக்குப் பியானோ வாசித்தவர். கண்ணாடி மூடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா பாடறது?"

"அக்காதான், ஃபெலிக்ஸ் அண்ணே" என்றாள் கிரிஜா.

அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "இல்லம்மா. இது வேற யாரோ ரோஸி. பாவம், நல்லாத்தான் பாடுது. ஆனா நம்ம காஞ்சனா இல்ல."

"நல்லாக் கேளுங்கண்ணே."

"பதினெட்டு வருஷம் கூட வாசிச்சிருக்கேன். இந்தப் பொண்ணு தாளத்துல சரியா வந்து உக்காருது. காஞ்சனா எப்பவும் பின்னாலதான் வருவா. நான் வாசிச்சு முடிச்சிட்டு, வருவாளா மாட்டாளான்னு அவ மொகத்தையே பாத்துட்டு நிப்பேன். அப்புறம்தான் வாயத் தொறப்பா."

"அப்ப அவ பாட்டு எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. பம்பாய்ல ரெக்கார்டு போடலாம்னு ஒருத்தர் கூப்பிட்டார். நக்கோ, வேணாம்னுட்டா. ரெக்கார்டு போட்டா ரேடியோல போடுவான், ரேடியோல வந்தா அப்பா வீட்டுக்குள்ள அந்தச் சத்தம் வந்துடும்னா." ஃபெலிக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, ஒரே வீட்ல இத்தனை வருஷம். உனக்குமா அவ கொரல் தெரியல?"

ஒரு நாள்கூடப் பாடு என்று கிரிஜா அக்காவிடம் சொன்னதில்லை. பழசைக் கிளறினால் அக்கா மனசு நோகும் என்று நினைத்ததாகத்தான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் சும்மா. அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான். அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தது சௌகரியமாக இருந்தது. ஜம்புநாதனாவது பொய் என்று தெரிந்து பொய் சொன்னார். காலையிலிருந்து யாரோ ஒருத்தி பாட்டுக்கு இவள் அழுதிருக்கிறாள், பத்மஜாவைவிடச் சத்தமாக. த்தூ என்று தன்னையே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

எழுந்து போய் சந்தீப்பின் போனை எடுத்துப் பாட்டை நிறுத்தினாள்.

"ஏய், ஏன் நிறுத்தற?" ஜம்புநாதன் வாசலிலிருந்து ஓடி வந்தார். "பேப்பர்காரப் பொண்ணு வீடியோ எடுக்க வந்துட்டிருக்கா!"

"இது அக்கா இல்ல."

"இல்லாட்டி? கைக்கு, எதுக்கு இப்ப டென்ஷன் ஆவற? யாருக்குத் தெரியப்போவுது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப் பத்து வார்த்தை வந்தது. ஒன்றைக்கூடச் சொல்லும் தகுதி இல்லை என்று விழுங்கினாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஃபெலிக்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவ எப்படிப் பாடுவா?"

"எனக்குப் பாட வராதும்மா" என்றார் ஃபெலிக்ஸ். பிறகு கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, பத்து விரல்களையும் பியானோவில் வைப்பதுபோல ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்தார். சுருக்கம் விழுந்த விரல்கள் எழுந்து எழுந்து விழுந்தன. நகம் படும் சின்னச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

ஓர் இடத்தில் விரல்கள் நின்றன. ஃபெலிக்ஸ் தலையைத் தூக்கிக் காத்திருந்தார். கிரிஜாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்புறம் விரல்கள் மெல்ல நகர்ந்து அடுத்த இடத்துக்குப் போயின.