அத்தான் சரிசெய்த தொலைநோக்கி

மச்சினனுக்கு நிலாவைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசை வந்ததும், முதல் தொலைநோக்கியைத் தேர்ந்தெடுத்துத் தரும் பொறுப்பைக் கண்ணாடிக்கடைக்காரர் தானாகவே தலையில் போட்டுக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷமாக மூக்குக்கண்ணாடி விற்கிறவர் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது என்று அவருக்கு நினைப்பு.

தொலைநோக்கி விற்கிற கடையில் அவர் கை நேராக, ‘அறுநூறு மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பெட்டிக்குப் போனது.

“அது வேண்டாம் சார்,” என்றாள் விற்பனைப் பெண். “அவ்வளவு பெருசாக்கினா மங்கலாத்தான் தெரியும். லேசா காத்தடிச்சாலே ஸ்டாண்டு ஆடும். முதல்ல வாங்குறவங்களுக்கு இந்தக் குட்டையானதுதான் நல்லது. உள்ள இருக்கிற கண்ணாடி அகலம், வெளிச்சம் நிறைய வாங்கும்.”

“லென்ஸப் பத்தி எங்கிட்டயேவா?”

மச்சினன் நல்ல பிள்ளை, அத்தானை எதிர்த்துப் பேசமாட்டான். குட்டையானதற்குச் சத்தமில்லாமல் பணம் கட்டிவிட்டு வந்து, “போலாமா அத்தான்?” என்றான்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், மொட்டை மாடியில் பாதி நிலா. மச்சினன் குமிழைத் திருகிச் சரிபார்த்து அக்காவுக்குக் காட்டினான்.

“அம்மாடி, குழி குழியா இருக்குடா!”

கீழ்வீட்டுத் தையல்காரரும் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். கடைசியாகக் கண்ணாடிக்கடைக்காரர் குனிந்தார். வெள்ளையாக ஏதோ கரைந்து கிடந்தது.

“நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?” என்றபடி குமிழை இப்படியும் அப்படியும் திருகினார். சட்டென்று குழியெல்லாம் வெட்டிவைத்தாற்போல் தெரிந்தன. “இப்பப் பாருங்க. தொழில் தெரிஞ்சவன் கை வேற!”

மூன்று பேரும் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் மங்கல்.

“ஒண்ணும் தெரியலையே அத்தான்.”

அவர் மூவரையும் இரக்கத்தோடு பார்த்தார். “மூணு பேருக்குமே பார்வைக் கோளாறு. நாளைக்குக் கடைக்கு வந்துடுங்க.”

வந்தார்கள். அக்காவும் தம்பியும் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தார்கள். தையல்காரர் அதற்கும் கீழே பொடியாகப் போட்டிருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தார். கண்ணாடிக்கடைக்காரர் விளக்கைத் துடைத்துவிட்டு மறுபடியும் படிக்கச் சொன்னார். அதே கதைதான்.

மனைவி எழுந்து நாற்காலியைக் காட்டினாள். “நீங்க கொஞ்சம் உக்காருங்க.”

“எனக்கெதுக்கு?”

“சும்மா உக்காருங்கன்னா.”

மூன்றாவது வரியில் ‘ப’வை ‘ட’ என்றார். நாலாவது வரியில், அட்டை பழசு என்றார். ஐந்தாவது வரிக்கு நாற்காலியை முன்னால் இழுத்தார். பஸ் நிறுத்தத்தில் இத்தனை வருஷமாக, “வர்றது என்ன நம்பர்?” என்று பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டது வியாபாரச் சிந்தனையில் கவனம் பிசகியதால் அல்ல என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, மைனஸ் ஒன்றரை.

திங்கட்கிழமை கண்ணாடியோடு கல்லாவில் உட்கார்ந்தார்.

“என்ன சார், நீங்களுமா?” என்றார் முதலில் வந்த வாடிக்கையாளர்.

“புது மாடல். நாமளே போட்டுக் காட்டினாத்தானே விக்கும்?”

அந்த வாரத்திலேயே அதே ஃபிரேம் நாலு போனது.