சாணத்துக்கு ஒரு கேட் பாஸ்

மாடு ஏப்பம் விட்டால் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ரேச்சல் ஒருநாள் கேட்டாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. மாட்டின் ஏப்பத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் கிளம்பும் வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா கஸ்பாருக்கு ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை. கப்பலில் வந்த சரக்கை வெளியே எடுக்க மேசை மேசையாகப் போய்க் கையெழுத்து வாங்குவதுதான் அவர் பிழைப்பு. அந்தக் கேள்வி அந்த வீட்டில் பிறந்ததில் வியப்பில்லை.

“அதுக்கெல்லாம் யாரும் கையெழுத்து போட வாணாம்மா” என்று கஸ்பார் சிரித்தார். அது எவ்வளவு தப்பான பதில் என்பது குணசுந்தரி வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

குணசுந்தரி மாதவரத்தில் நான்கு கறவை மாடு வைத்திருந்தவள். கையில் ஒரு மாநகராட்சி நோட்டீசோடு கஸ்பாரைத் தேடி வந்தாள். சாணம் மழைநீர்க் கால்வாயில் கலக்கிறது, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் மாடுகள் பிடித்துச் செல்லப்படும் என்றது நோட்டீஸ். சரிசெய்ய வழியும் இருந்தது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று அவள் பெயருக்கு ஒரு பெரிய ரப்பர் பையை இலவசமாக அனுப்பியிருந்தது. சாணத்தைத் தண்ணீரோடு கரைத்து அதில் ஊற்றினால் வாயு குழாய் வழியாக அடுப்புக்குப் போகும், கால்வாயும் சுத்தமாகும். அந்தப் பை ராயபுரத்துச் சரக்குக் கிடங்கில் மாதக்கணக்காகப் படுத்திருந்தது.

“இன்னாண்ணா, பையி இங்க கீது, சாணி அங்க கீது. நடுவுல யாரு கீறாங்க?”

“ஆபீஸ் கீதும்மா” என்றார் கஸ்பார்.

விண்ணப்பத்துக்காக மாட்டைப் படமெடுக்கக் கஸ்பார் அவளுடைய கொட்டகைக்குப் போனபோது சுவரில் வரிசையாகத் தூக்குவாளிகள் தொங்கின. ஒன்றின் அடியைத் தற்செயலாகப் பார்த்தார். ஆணியால் குத்திய புள்ளிகளில் ஒரு நட்சத்திரம். இதே நட்சத்திரம் போட்ட தூக்கு ஒன்று அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. பெருவெள்ளத்தில் வீடு மூழ்கி மாதா கோயில் கூடத்தில் கிடந்தபோது, விளக்கில்லாத இருட்டில் யாரோ ஒரு பெண் இடுப்பளவுத் தண்ணீரைக் கடந்து வந்தாள். அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை ரேச்சலுக்காக அவர் மனைவி ரோசியின் கையில் பால் தூக்கைத் திணித்துவிட்டுப் போய்விட்டாள். முகம் தெரியவில்லை, பேர் தெரியவில்லை. ரோசி அன்றிலிருந்து அந்தத் தூக்கைத் தேய்த்துத் தேய்த்து வைத்துக்கொண்டு, யாருடையது என்று தெரியாமல் ஒவ்வொரு ஜெபத்திலும் அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் அந்த வாளியை மெல்ல நேராகத் தொங்கவிட்டார். “இந்த வேலைய நான் பாத்துக்கறேம்மா” என்றார்.

பையை வரியில்லாமல் எடுக்க, வாங்குபவர் விவசாயி என்று சான்று வேண்டும். விவசாய அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர், உட்கார நாற்காலி கொடுத்தார். “நகரத்துல விவசாயம் கெடையாது. அதனால விவசாயியும் கெடையாது. மாடு இருக்கான்னு கேட்டா, இருக்க வழியில்ல” என்றார் வருத்தத்தோடு. அவர் தலைக்கு மேல் ஒரு சுவரொட்டி இருந்தது. வாயில் இலையோடு பச்சை நிறத்தில் ஒரு மாடு. ‘வாயுவைக் குறைப்போம், பூமியைக் காப்போம்.’

காற்று மாசு பார்க்கும் அலுவலகத்திலும் அதே பச்சை மாடு. எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளையே பார்த்துப் பழகிய அலுவலகம் அது. “வாயு வருதுன்னா சிம்னி இருக்கணும். உயரம் எவ்ளோ?” என்று கேட்டார்கள்.

“என் மாட்டுக்குச் சிம்னியா?” என்றாள் குணசுந்தரி. “எங்க வெக்கிறது சார், கொம்புலயா, வாலுலயா?”

அதிகாரி யோசித்துப் பார்த்து, வாயு எந்தப் பக்கம் அதிகமாக வருகிறதோ அந்தப் பக்கம் என்றார். கேலியில்லை. மனதாரத்தான் சொன்னார்.

வெடிபொருள் அலுவலகம் பையைப் பக்கத்து வீட்டிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி வைக்கச் சொன்னது. “அம்பது மீட்டரா? அப்போ ரெட்டேரித் தண்ணில தான் வெக்கணும், மெதந்துகினு கெடக்கும்” என்றாள் அவள். அங்கேயும் பச்சை மாடு சுவரில் இலை தின்றுகொண்டிருந்தது.

கடைசியாகக் கிடங்கு அதிகாரி பரசுராமனிடம் போனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நகரத்துல மாடே இல்லன்னு காகிதம் சொல்லுது. ஒண்ணு செய்ங்க. மாட்டைக் கொண்டாங்க. கண்ணால பாத்தேன்னு நானே எழுதிடறேன்.” அந்த அலைச்சல் முழுவதும் கஸ்பார் கேட்ட முதல் இரக்கமான சொல் அது. அன்று மாலை மாதா கோயிலில் பரசுராமன் பேருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

செவ்வாய்க்கிழமை கனகா என்ற கறவை மாடு குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டியில் கிடங்கு வாசலுக்கு வந்து இறங்கியது. காவலர் பக்ருதீன் தாளைப் புரட்டினார். ஆள் என்றால் ஆதார் எண் வேண்டும். வண்டி என்றால் புகைச் சான்று வேண்டும்.

“புகைச் சான்று கேட்டீனா மறுபடியும் சிம்னிக்குப் பூடும் பாய்” என்று பதறினார் கஸ்பார். “ஆளுன்னே எழுது.”

கனகாவின் காதில் அரசாங்கம் குத்திய மஞ்சள் வில்லை இருந்தது. பக்ருதீன் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு இலக்கம். ஆதார் கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. “தோ, நம்ம ஜனம்தான்” என்று மகிழ்ந்து, ‘பார்வையாளர் ஒன்று’ என்று கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார்.

கனகா பரசுராமனின் மேசை முன் மரியாதையாக நின்றது. அவர் ‘பார்த்தேன்’ என்று எழுதப் பேனாவைத் திறந்தார். அந்தச் சமயத்தில் கனகா வாலைத் தூக்கி, அங்கேயும் ஒட்டியிருந்த பச்சை மாட்டுச் சுவரொட்டிக்கு நேர் கீழே, தாராளமாகச் சாணம் போட்டது.

“ஐய, இன்னாடி இது! மன்னிச்சுக்க சார், ஒரு நிமிசத்துல அள்ளிக்கினு பூடறேன்” என்று குணசுந்தரி குனிந்தாள்.

“அள்ளக் கூடாது!” என்று வாசலிலிருந்து பக்ருதீன் கத்தினார். “உள்ள வந்த எந்தப் பொருளும் பாஸ் இல்லாம வெளிய போவக் கூடாது. பாஸ்ல பார்வையாளர் ஒண்ணுன்னுதான் கீது. சாணி இல்ல.”

“அது மாட்டுக்குள்ளதான நைனா வந்துச்சு!” என்றாள் குணசுந்தரி.

“அப்போ சொல்லாம உள்ள கொண்டாந்த சரக்கு. இன்னும் மோசம்.”

பெருக்க வந்த தாயம்மா தூரத்திலேயே நின்றுவிட்டாள். அவள் ஒப்பந்தத்தில் தூசு, காகிதம், டீ கப் மட்டுமே இருந்தன. வேறு எதையாவது தொட்டால் கான்ட்ராக்டர் கூலியில் பிடிப்பான். பரசுராமன் தொலைபேசியை எடுத்தார். சுகாதார அலுவலகம் அது விவசாயக் கழிவு என்றது. விவசாய அலுவலகம் நகரத்தில் சாணமே கிடையாது என்றது. காற்று அலுவலகம் சாணத்தின் சிம்னி உயரத்தைக் கேட்டது. வெடிபொருள் அலுவலகம் மட்டும் அக்கறையாகப் பேசியது: பக்கத்தில் யாரும் தீக்குச்சி உரசாதீர்கள்.

கனகா மட்டும் வீடு திரும்பியது. சாணம் தங்கியது.

புதன்கிழமை ஈக்கள் வந்தன. வியாழக்கிழமை காலை பரசுராமன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கோப்புகளைப் பார்த்தார். ‘பார்த்தேன்’ என்று அவரால் எழுத முடியவில்லை. எழுதினால் சாணத்தையும் பார்த்ததாக ஆகிவிடும். எதிரே குணசுந்தரி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். இரண்டு நாளாக அவள் கேலி பேசவில்லை.

“நாளைக்கு வண்டி வந்துரும் சார்” என்றாள் மெல்ல. “கனகா செனையா கீது. புட்சிகினு போற எடத்துல தண்ணி காட்டுவாங்களா, தெரியல.”

பரசுராமன் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தார். கஸ்பார் மனதுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார். “சார், இந்த நாத்தத்த அடக்கறதுக்குன்னே செஞ்ச சாமான் ஒண்ணு நம்ம கிடங்குலயே கீது. மூணாம் ஷெட்டுல.”

பரசுராமன் ஈயை விரட்டிக்கொண்டே மூன்றாம் ஷெட்டின் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு பரசுராமனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “அலுவலகத் துப்புரவுக்குத் தேவையான உபகரணத்தை என் பொறுப்புலயே விடுவிக்கலாம்” என்றார் தனக்குள். “சான்று வேணாம். உயரம் வேணாம். மீட்டர் வேணாம்.” எழுதினார்: ‘துப்புரவு உபகரணம், ரப்பர் பை ஒன்று. உள்ளடக்கம், சோதனைக்காக, சாணம் சிறிதளவு. வெளியே அனுப்பலாம்.’ கையெழுத்துப் போட்டார். முத்திரையை இரண்டு தடவை குத்தினார், ஒன்று போதும் என்றாலும்.

பக்ருதீன் அந்தத் தாளைப் படித்து, சாணத்துக்கு முறைப்படி கேட் பாஸ் கொடுத்து, சல்யூட்டும் அடித்தார். தாயம்மா யாரும் கேட்காமலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினாள். அதுவும் அவள் ஒப்பந்தத்தில் இல்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் பக்கத்து மாட்டுக்காரர்களும் கைகொடுத்துப் பையைப் பொருத்தி, சேர்ந்திருந்த சாணத்தையெல்லாம் அதற்குள் ஊற்றினார்கள். வெள்ளிக்கிழமை மாடு பிடிக்கும் வண்டியோடு ஆய்வாளர் வந்தார். கால்வாய் சுத்தமாக இருந்தது. வாயு ஊற இன்னும் நாள் ஆகும். அடுப்பு எரியவில்லை. அவருடைய தாளில் இப்படி ஒரு பைக்குக் கட்டமே இல்லை. ஆய்வாளர் பையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். அது கனகாவின் வயிற்றைப் போலவே களக் என்றது. என்ன நினைத்தாரோ, ‘மாடுகள் காணப்படவில்லை’ என்று எழுதிவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். காகிதப்படி அது உண்மைதானே.

குணசுந்தரி கூலி என்ன என்று கேட்டபோது கஸ்பார், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

சில வாரங்கள் கழித்து, குணசுந்தரி பால் ஊற்றப் போயிருக்கும் நேரம் பார்த்துக் கஸ்பார் மாதவரம் பேருந்தில் ஏறினார். கொட்டகையில் ஆளில்லை. பை உப்பியிருந்தது. அடுப்பின் மேல் பால்சட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் துணிப்பையிலிருந்து தூக்கை எடுத்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ரோசி அதில் வெல்லத்தை உடைத்து நிரப்பியிருந்தாள். வரிசையின் கோடியில் ஒரு ஆணி காலியாக இருந்தது. எறும்பு ஏறாமல் மூடியை அழுத்தி மூடி, நட்சத்திரம் இருந்த அடிப்பக்கத்தைச் சட்டையில் ஒருமுறை துடைத்து, தூக்கை அந்த ஆணியில் மாட்டினார். பிறகு படலைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.