தோளில் விழாத தட்டு

பின்சீட்டில் மாமா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தோளில் விழ வேண்டிய தட்டுக்காகக் காத்திருந்தான். மாமாவின் கார் பட்டறையில் வழக்கமே அதுதான். சத்தம் போடுகிற வண்டி எது வந்தாலும் மச்சினன் ஓட்டுவான், அக்கா புருஷன் பின்னால் உட்கார்ந்து கேட்பார். சத்தம் வந்த நொடியில் அவன் தோளில் ஒரு விரல் தட்டும். பேச்சே கூடாது. வாய் திறந்தால் காது வேலை செய்யாது என்பது அவர் கட்சி. இறங்கும்போது கோளாறு எது, எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். ஊரில் அவருக்குக் காதுக்காரர் என்றே பேர். அவனுக்குத் தனியாகப் பேர் எதுவும் இல்லை. கழற்றுவதும் மாட்டுவதும் அவன் பாடு, அதில் அவனுக்குக் குறையும் இல்லை.

வண்டி ஒரு நர்ஸ் அம்மாவுடையது. இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது மெல்லிசாக ஒரு ரீங்காரம் அவனுக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனால் தோளில் விரல் விழவில்லை. காதுக்காரருக்கே கேட்காதது தனக்கு எங்கிருந்து கேட்கும், பிரமையாக இருக்கும் என்று விட்டுவிட்டான். "வண்டிக்கு வயசானா கொஞ்சம் முனகத்தான் செய்யும், தைரியமா ஓட்டுங்க" என்று மாமா அனுப்பிவைத்தார். அவனும் பக்கத்தில் நின்று மண்டையை ஆட்டினான். இன்று காலை அந்த அம்மா சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "டியூட்டி முடிஞ்சு ஆள் இல்லாத ரோட்ல வர்றேன். நடுவுல நின்னுட்டா நான் என்ன செய்யறது? உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, வேற இடத்துல காட்டிக்கறேன்."

இப்போது அந்த ரீங்காரம் இன்னும் கூர்மையாகியிருந்தது. ஒரு கிடங்கின் மதில் ஓரமாக வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு இன்ஜினை ஓடவிட்டான். சத்தம் இருந்தது. கிளட்சை அழுத்தினான், நின்றது. விட்டான், வந்தது. கியர் பாக்ஸுக்குள் இன்ஜினிலிருந்து முதலில் சுழலும் தண்டின் பேரிங் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் காதுக்காரர் தேவையே இல்லை. பிறகு ஏன் தட்டவில்லை? கண்ணாடியில் மாமாவைப் பார்த்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விரல் மட்டும் தட்டுவதற்குத் தயாராக சீட்டின் விளிம்பில் இருந்தது.

மறுபடி அழுத்தினான், விட்டான். வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தவன் எப்போது மாமாவைச் சோதிக்க ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. போன வாரம்கூட முன்சக்கரத்தின் கடகடப்புக்குச் சரியாகத் தட்டினாரே. அப்படியென்றால் கனத்த சத்தம் கேட்கிறது, மெல்லிசுதான் கேட்கவில்லையா? அப்போதுதான் அக்காவின் புலம்பல் நினைவுக்கு வந்தது. வாஷிங் மெஷின் பீப் பீப்னு கத்துது, பக்கத்துலயே உக்காந்திருக்கார், எழுந்து போய் அணைக்க மாட்டேங்கறார், நான் சொல்றது எதையும் காதுல வாங்கறதே இல்ல, எம்மேல அப்படி என்ன கோவமோ.

"ஒண்ணும் இல்ல மாப்ளே. திருப்பு" என்றார் மாமா.

கியரில் கை வைத்தவன் போடாமல் எடுத்துவிட்டான். தலையாட்டிவிட்டுப் போவது எளிது. அந்த அம்மா வேறு பட்டறைக்குப் போவாள், அங்கே சிரித்துக்கொண்டே கழற்றிக் காட்டுவார்கள், காதுக்காரர் என்கிற பேர் ஒரே நாளில் கேலியாகிவிடும். சொன்னால் மட்டும் என்ன மிஞ்சும்?

"எனக்குக் கேக்குது மாமா."

மாமா கண்ணைத் திறந்தார். திட்டுவார் என்று நினைத்தான். அவரோ புது மாடல் வண்டியின் பானெட்டைத் திறக்கும்போது வருகிற முகத்தோடு முன்னால் சாய்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினார்.

"இப்பவா?"

"இப்ப கேக்குது." கிளட்சை அழுத்தினான். "இப்ப இல்ல."

"விடு. மறுபடி அழுத்து."

அவர் கை அதிர்வு பார்க்க கியர் தடியின் மேல் வந்து உட்கார்ந்தது. அவன் அழுத்தி அழுத்தி விட்டான். வெகுநேரம் கழித்து அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"இறக்கிடு."

பட்டறைக்குத் திரும்பி கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்ததும் பேரிங்கைக் கழுவி நீட்டினான். மாமா அதை விரல்களுக்கிடையில் மெதுவாகச் சுழற்றினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க சொரசொரங்குது." துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "எப்பலருந்து கேக்குது உனக்கு?"

"போன தடவையே கேட்டுச்சு."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க தட்டலியே மாமா."

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பேரிங்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்த வாஷிங் மெஷினு, நெசமாவே சத்தம் போடுதா?"

"போடும் மாமா. நல்லாவே போடும்."

"உங்க அக்கா வேணும்னே வம்புக்கு இழுக்கறான்னு நெனச்சேன்" என்றார்.

மறுநாள் புது பேரிங் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது நர்ஸ் அம்மா வாசலில் காத்திருந்தாள். அவன் வழக்கம்போல ஓட்டுகிற பக்கம் போனான். கதவை ஏற்கனவே மாமா திறந்திருந்தார். பின்சீட்டைக் கண்ணால் காட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

அந்தச் சீட்டில் அவன் உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தான், பிறகு முன்சீட்டின் விளிம்பில் வைத்தான். கண்ணை மூடினான். டயர் ரோட்டில் உரசுவது, எங்கோ ஒரு பிளாஸ்டிக் மூடி ஆடுவது, மாமாவின் மூச்சு எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. ரீங்காரம் மட்டும் இல்லை. வேகம் கூடியது, குறைந்தது, அப்போதும் இல்லை. கிடங்கு மதிலோரம் வண்டி லேசாக வளைந்து திரும்பியது. திரும்பிய பிறகும் டிக் டிக் என்று ஏதோ அடித்துக்கொண்டே வந்தது. மாமா இண்டிகேட்டரை அணைக்கவில்லை.

கண்ணைத் திறந்தான். முன்னால் மாமாவின் தோள், சட்டையில் நேற்றைய கிரீஸ் கறை. அவன் விரல் கொஞ்ச நேரம் அந்தத் தோளுக்கு மேலேயே நின்றது. பிறகு ஒரு தட்டு தட்டினான். கண்ணாடியில் மாமாவின் கண்கள் அவனைத் தேடின.