இரண்டு ஏரிகளும் தெரியும்

...குனிய வேண்டிய இடம் இதுதான் என்று தலை இடித்த பிறகுதான் தெரிந்தது, எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள், குகைக்குள்ள நாற்பது அடி வெச்சதும் குனிஞ்சுக்கோங்க, கூரை இறங்கும் என்று. சொன்ன வாய் இருக்கிற தலையே இடித்துக்கொண்டது. நாற்பதில் குனிந்தாள், ஒன்றும் இல்லை, ஐம்பது வரை குனிந்தபடியே போனாள், இடுப்பு வலித்தது, நிமிர்ந்தாள், அறுபத்து மூன்றில் இடித்தது. அந்த நாற்பதை அவளுக்குச் சொன்னது யார்? யாரோ ஒரு நெட்டைக்காலன், என்றோ ஒருநாள் கவுன்டர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிச் சொல்லிவிட்டுப் போனான், அவள் பிடித்துக்கொண்டாள். இப்படித்தான் மலை முழுவதையும் சேர்த்தாள், இறங்கி வருகிறவர்களின் வாயிலிருந்து, துண்டு துண்டாக. குகை ஒருவரிடமிருந்து, ஏரித் தண்ணீரின் குளிர் இன்னொருவரிடமிருந்து, உச்சிக் காற்று ஒரு தம்பதியிடமிருந்து, அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே சொன்னார்கள். மலைப் பூங்காவின் அடிவாரத்தில் பதினெட்டு வருடமாக டிக்கெட் கொடுக்கிறவள், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் வழி சொல்கிறவள், இந்தக் குகைவாசலைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. இன்றுதான். வாரத்தில் அவளுக்கு விடுமுறை இந்த ஒரு நாள்.

நெற்றியைத் தடவினாள், ரத்தம் இல்லை, வீக்கம் வரும், வரட்டும். டார்ச் வெளிச்சத்தில் பாறை ஈரமாக மின்னியது, எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், கால் வழுக்கியது, மகளின் ஷூ ஒரு அளவு பெரிது, இரண்டு சாக்ஸ் போட்டும் குதிகால் ஆடுகிறது. கடைக்குப் போறேன்னு சொல்ற, கடைக்குப் போக எதுக்கும்மா என் ஷூ? என்று கேட்டாள் மகள், பாதித் தூக்கத்தில். ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது இந்த இடத்தில் வழுக்கி விழுந்தால்... அப்போதுதான் உறைத்தது. பெயர் எழுதவில்லை. காலையில் சாமான் கிடங்கின் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டாள், கவுன்டர் பக்கம் போனால் ஏட்டில் எழுத வேண்டும், பெயர், நேரம், எத்தனையாவது முறை, அந்த மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவாள், கவுன்டரில் டிக் உட்கார்ந்திருப்பாரே. டிக் அவளோடு வேலை பார்ப்பவர். இறங்கி வருகிற ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே டிக் போடுவதால் அவருக்கு அந்தப் பெயர், சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மாலை ஐந்துக்கு ஏட்டைப் பார்ப்பார், டிக் விழாத பெயர் ஒன்று இருந்தாலும் விசில், விளக்கு, ஸ்ட்ரெச்சர். எல்லாம் விழுந்திருந்தால் பூட்டு. இன்று எல்லாம் விழுந்திருக்கும். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். ஏட்டின்படி அவள் மலையில் இல்லை. பேர் எழுதாம ஒரு ஈ கூட ஏறக்கூடாது என்று ஊரையே மிரட்டியவள், மலையில் இல்லாத ஆளாகக் குகைக்குள் நிற்கிறாள். திரும்பிப் போய் எழுதிவிட்டு வரலாமா? அரைமணி நேரம். எழுதும்போது டிக் பார்ப்பார். வேண்டாம். விழாமல் இருந்தால் போயிற்று.

குகை முடிந்து வெளிச்சம் வந்தது, கண் கூசியது, அப்புறம் சின்ன ஏரி. இவ்வளவுதானா என்று ஒரு நொடி, அப்புறம், இவ்வளவா. உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தாள். கத்தி மாதிரி வெட்டும் என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள், வெட்டவில்லை, முகம் கழுவுகிற குளிர்தான், முகம் கழுவினாள். பொய் எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் ஒரே ஒரு வார்த்தை. வேலைக்கு நேர்காணல், மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், உச்சிக்குப் போயிருக்கீங்களா? கணவன் போய் ஆறு மாதம், மடியில் மகள். போயிருக்கேன் சார். அவ்வளவுதான். அப்புறம் போயிருக்கலாம், ஒருநாள் போய்விட்டு வந்திருந்தால் பொய் உண்மையாகியிருக்கும், ஆனால் போக வேண்டுமானால் ஏட்டில் எழுத வேண்டும், ஏட்டில் எழுதினால் முதல் முறை என்று எழுத வேண்டும், அந்த ஒரு வார்த்தையால் மலையைப் பூட்டிச் சாவியை அவளே விழுங்கிவிட்டாள். மூன்றாவது கட்டத்தில் இருபது என்று எழுதியிருக்கலாமே? வாயால் சொன்னது காற்றோடு போகும், ஏட்டில் மட்டும் அவள் பொய் எழுதியதில்லை, அது என்ன நியாயமோ, அவளுக்கு அப்படி. வருடம் ஓட ஓடப் பொய் கொழுத்தது. நீங்க போயிருக்கீங்களாக்கா? ஓ, எத்தனையோ தடவை. அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் டிக் பென்சில் சீவுவார். சீவின பென்சிலையே சீவுவார். போன வாரம் புது அதிகாரி வந்தார், வயது மகளைவிட நாலைந்து கூட இருக்கும், தலைமை அலுவலகத்திலேர்ந்து பெரியவங்க வர்றாங்க, சனிக்கிழமை நீங்களே உச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, உங்களை விட்டா இந்த மலையைத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா? சரி சார், என்றாள். அன்றைக்கு டிக் பென்சிலைச் சீவிச் சீவி விரல் அளவாக்கிவிட்டார். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அந்தப் பெரியவர்களுக்கு முன்னால், அறுபத்து மூன்றாவது அடியில், இந்தத் தலை இடித்திருந்தால்?

ஏற்றம் தொடங்கியது, இடது முழங்கால் முணுமுணுத்தது, உனக்கு என்ன, உட்கார்ந்து உட்கார்ந்து சொகுசு கண்டுவிட்டாய் என்று அதைத் திட்டினாள், அது நடந்தது. மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. பெரிய ஏரிக்கு இரண்டு மணி நேரம் என்று சொல்வாள், ஒன்றேமுக்காலில் வந்துவிட்டாள், ஐம்பத்தொரு வயதில், பெரிய ஷூவில், கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தாள், நின்றுபோகவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, யாரும் இல்லை, ஏரியிடம் சொன்னாள், ஒன்றேமுக்கால். கரையில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றாள், அவித்த முட்டையை உரித்தாள். உச்சியிலிருந்து பார்த்தால் இந்த ஏரியும் சின்ன ஏரியும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும், அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க அந்தப் படம்தான், உச்சியில் ஒரு மனிதன் கையை விரித்து நிற்கிறான், காலடியில் இரண்டு ஏரிகள், இரண்டு நீலக் கண்கள் மாதிரி. அவள் வேலைக்குச் சேர்ந்த மாதம் ஒரு பெயின்டர் வந்து வரைந்தது. ஏணிமேல் நின்று கேட்டான், மேலேர்ந்து என்னக்கா தெரியும்? அவள் டிக்கெட் கட்டை எண்ணிக்கொண்டே, ரெண்டு ஏரியும் தெரியும் என்றாள். யாரோ சொன்னதா, அவளே சொன்னதா, இப்போது நினைவில்லை. வரைந்துவிட்டான். அப்புறம் சுவரில் இருக்கிறதே, பொய்யாகவா இருக்கும்? இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பாள், ரெண்டு ஏரியும் பாத்தீங்களா? பாத்தோம்க்கா. சூப்பரா இருந்துச்சுக்கா. ஒருவர்கூட இல்லை என்று சொன்னதில்லை.

சங்கிலிப் பாறை வந்தது. இதைப் பற்றி அவள் சொல்கிற வாசகம், கீழே பார்க்காதீங்க, சங்கிலியை மட்டும் பாருங்க. முதல் கை வைத்ததுமே கீழே பார்த்தாள். பெரிய ஏரி ஒரு தட்டு அளவுக்கு, அதற்கும் கீழே மரங்கள், அதற்கும் கீழே ஒன்றுமே இல்லை. ஏட்டில் இல்லாத ஆள், விழுந்தால் எந்த டிக்கும் குறையாது, இறங்கிவிடு, இறங்கு, அதிகாரியிடம் முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம், முழங்காலும் சாட்சி சொல்லும். அப்போது மேலேயிருந்து ஒருவர் சங்கிலியைப் பிடித்து இறங்கி வந்தார், வழுக்கைத் தலை, முகமெல்லாம் வியர்வை, ஒதுங்கி வழி விட்டார். "இன்னும் எவ்வளவு நேரங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தார். "பத்தே நிமிஷம்மா. தோ, வந்துருச்சு." பத்து நிமிடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும், இறங்குகிறவர்கள் எல்லோரும் ஏறுகிறவர்களிடம் பத்து நிமிடம்தான் சொல்வார்கள், ஏமாத்திட்டாங்கக்கா என்று மாலையில் சிரித்துக்கொண்டே வந்து சொல்வார்கள், ஏமாந்ததில் அப்படி ஒரு சந்தோஷம். தெரிந்தும் அந்தப் பத்தைப் பிடித்துக்கொண்டாள், சங்கிலியைவிட அது கெட்டியாக இருந்தது. ஒரு கை, ஒரு கால், ஒரு கை. ஷூ ஆடியது, சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள், ஒரு கை, ஒரு கால். மூச்சு நெஞ்சில் இடித்தது. ஐந்துக்கு இறங்க வேண்டும் என்பது மறந்தது, அதிகாரி மறந்தார், சனிக்கிழமை மறந்தது, இரும்பு மட்டும்தான் இருந்தது, உள்ளங்கையில் சில்லென்று, அடுத்த வளையம், அடுத்த வளையம், அடுத்ததற்குக் கையை நீட்டினாள், வளையம் இல்லை. காற்று.

நாற்பது நிமிடம். பத்து என்றாரே, புண்ணியவான். நிமிர்ந்து நின்றாள், காற்று தள்ளியது, காலை அகட்டி நின்றாள். சுற்றிலும் அவளைவிட உயரமாக ஒன்றுமே இல்லை. போயிருக்கேன் சார், என்றாள் சத்தமாக, இப்போது அது உண்மை, பதினெட்டு வருடம் தாமதமாக வந்து சேர்ந்த உண்மை, சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, காற்றுதான், காற்றாகவே இருக்கட்டும். கையை விரித்தாள், சுவரில் இருக்கிறவன் மாதிரி. பிறகு கீழே பார்த்தாள். பெரிய ஏரி, நீலமாக, முழுசாக. அதற்குப் பக்கத்தில்... பக்கத்தில் மலையின் தோள். தோளுக்குப் பின்னால் மரங்கள். சின்ன ஏரி எங்கே? இந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், நுனிவரை போய்க் கழுத்தை நீட்டினாள். தோள் மறைக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் மறைக்கும். ஒரு ஏரிதான். அப்படியானால் பாத்தோம்க்கா, பாத்தோம்க்கா என்றார்களே, அத்தனை பேரும்? உச்சிக்கு வராமலே திரும்பிப் போய்ச் சொன்னார்களா, அவளைப் போலவே? வந்தும் கீழே பார்க்கவில்லையா? இல்லை, அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவ்வளவு ஆசையாகக் கேட்டதால், போனால் போகிறதென்று, பத்தே நிமிஷம் என்பதுபோல... இன்று காலை கவுன்டருக்குப் பின்னால் பதுங்கிப் போகும்போது, உள்ளே டிக்கின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அவள் கடக்கும் நேரம் மட்டும் சத்தம் குறைந்தது, கடந்ததும் கூடியது. குறைந்ததா? அவளுக்குத்தான் அப்படிக் கேட்டதா?

உச்சியில் கற்களுக்கு நடுவே இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் உச்சி ஏடு. மாதம் தவறாமல் கீழே வந்து சேரும் இந்தத் தாள்களை அவள்தான் கோப்பில் அடுக்குவாள், எத்தனை கையெழுத்து, எத்தனை பேரின் சந்தோஷம், அதன் வீடு இதுதானா. திறந்தாள். பெயர், எழுதினாள். நேரம், பதினொன்று இருபது. எத்தனையாவது முறை? பேனா நின்றது. சனிக்கிழமை பெரியவர்கள் இந்தப் பெட்டியைத் திறப்பார்கள், கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார்கள், பக்கத்தில் நின்று அதிகாரியும் பார்ப்பார். கட்டத்தைக் காலியாக விடலாம். அவளுடைய மலையில், அவளுடைய ஏட்டில், கட்டத்தைக் காலியாக விடுவதா? ஒன்று, என்று எழுதினாள், அடுத்த தாளிலும் பதிகிற அளவுக்கு அழுத்தி. பார்க்கட்டும். ஏறி வந்துதானே பார்க்க வேண்டும். குறிப்பு என்ற கட்டத்தில், ஒரு ஏரிதான், என்று தொடங்கினாள், அதற்குள் சங்கிலி கிலுகிலுத்தது.

ஒரு பெண் ஏறி வந்தாள், முப்பது வயது இருக்கும், தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது, வந்ததும் பாறையில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். "அக்கா, கவுன்டர்ல ஒரு அண்ணன் சொன்னாரு, மேல போனா ரெண்டு ஏரியும் தெரியும்னு. தெரியுதா?" வாயைத் திறந்தாள், பதினெட்டு வருடப் பழக்கத்தில் 'தெ' என்று நாக்கு எழுந்தேவிட்டது, அடக்கிக்கொண்டாள். "நீயே வந்து பாரும்மா" என்று தள்ளி நின்று இடம் கொடுத்தாள். அந்தப் பெண் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஆமாக்கா. ரெண்டும் தெரியுதே." எங்கே? "அது பெருசு. அதோ, தூரத்துல, சின்னது. பளபளன்னு." விரல் போன பக்கம் பார்த்தாள். மலைத்தோளைத் தாண்டி, வெகு கீழே, மரங்களுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு மினுமினுப்பு, வெயில் பட்டுத் தளும்புகிற மாதிரி, அழகாகத்தான் இருந்தது, அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. தண்ணீர் டாங்க். சிவப்பு டாங்க் ஒன்றுதான் இருக்கிறது, அவளுடைய கவுன்டருக்குப் பக்கத்தில். அப்படியானால் அந்த வெள்ளை, கவுன்டரின் தகரக் கூரை. வெயிலில் கொதிக்கும், மழையில் காது செவிடாகும், அதன் கீழேதான் நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் படம், இந்த நேரத்தில் டிக் யாருக்கோ டிக்கெட் கொடுத்துக்கொண்டிருப்பார். "நல்லா இருக்குல்லக்கா?" என்றாள் அந்தப் பெண். "நல்லா இருக்கு" என்றாள், பொய் இல்லை. கையில் ஏடு திறந்தபடி இருந்தது, ஒரு ஏரிதான் என்பதற்குப் பிறகு பேனா இன்னும் நகரவில்லை. தகரம் போட்டு ஆறு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பழுப்பு ஓடு, மின்னவே மின்னாது. அந்தப் பன்னிரண்டு வருடம் வந்தவர்கள், பாத்தோம்க்கா என்றார்களே, அவர்கள் எதைப் பார்த்தார்கள்?